விடுதலைப் பத்திரம்: மீம் போடுற ஓவிய மாணவிகிட்ட எல்லாரும் கேக்குற கேள்விங்க

நான் சேலம், குகைங்கிற ஏரியா. நுண்கலை படிக்கிறேன், கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கிட்டது ஆணாதிக்கமும் மீமும், அதாவது வீட்டுக்குள்ள நடக்குற ஆணாதிக்கத்த எதிர்த்து நிக்கிற கலையா மீம் இருக்க முடியுமாங்கிறது. ஒரு வருஷமா செஞ்சிட்டு இருக்கேன், லினோ ஷீட்ல (அச்சு எடுக்குறதுக்கு செதுக்குற ரப்பர் மாதிரி ஷீட்) வெட்டின 12 முகம், அதுல இருந்து வந்த நாப்பது அம்பது மீம், கொஞ்சம் ஜெராக்ஸ் போஸ்டர். பாக்குறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விய தான் கேக்குறாங்க, காலேஜ்லயும் அதே, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துலயும் அதே, ஏற்காட்டுல ஃப்ரெண்ட் வீட்டுத் திண்ணைல மாட்டி வச்சப்பவும் அதே. நேர்ல கேட்டா பாதி சொல்லி பாதிய முழுங்கிடுறேன், அதனால இங்க முழுசா எழுதிடுறேன்.

மீமெல்லாம் ஒரு ஆர்ட்டா? ரெண்டு நிமிஷத்துல ஃபோன்ல செய்யுறது தானே?

இது தான் எப்பவும் முதல் கேள்வி. ரெண்டு நிமிஷத்துல செய்யுறதுங்கிறது உண்மை தான், ஆனா அந்த வேல எங்க இருந்து வருதுன்னு பாத்தா நூறு வருஷம் பின்னாடி போகணும். ஜெர்மனில ஹன்னா ஹோஹ்னு ஒரு ஓவியர், 1919, 20ல பத்திரிகைல வந்த போட்டோங்கள கத்திரிச்சு, ராணுவத் தளபதி தலைய டான்ஸ் ஆடுற பொண்ணு உடம்புல ஒட்டி, நடுவுல அங்கங்க எழுத்த வெட்டிப் போட்டு ஒரு பெரிய படம் செஞ்சாங்க. அந்தப் படத்தோட தலைப்புலயே சமையலறைக் கத்தின்னு வரும். அவங்க அப்போ வேல பாத்தது ஒரு பத்திரிகைக் கம்பெனில, பொம்பளைங்களுக்கான எம்ப்ராய்டரி டிசைன், குரோஷா டிசைன் வரையுற வேல. அதாவது வீட்டு வேலையோட கையும் கத்தியும் தான் அந்தக் கலைக்குள்ள போயிருக்கு. இதுல எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம், 1920ல பெர்லின்ல நடந்த டாடாங்கிற கலை இயக்கத்தோட கண்காட்சில அவங்க படத்த சேக்கக் கூடாதுன்னு கூட இருந்த ஆம்பளை ஆர்ட்டிஸ்டுங்களே ரெண்டு பேரு சொன்னாங்க, அவங்க எல்லாம் அரசாங்கத்த எதிர்த்துப் படம் போட்டவங்க, எதிர்ப்புக் கலைக்குள்ளயே பொம்பளைக்கு இடம் கேட்டு தான் வாங்க வேண்டி இருந்துச்சு.

ஒருத்தர் செஞ்ச படத்த எடுத்து, மேல வேற எழுத்து வச்சு, அர்த்தத்த திருப்பிப் போடுறது, அத தான் நாம இப்போ டெம்ப்ளேட்டுங்கிறோம். மீமுங்கிற வார்த்தையே 1976ல ரிச்சர்ட் டாக்கின்ஸ்னு ஒரு உயிரியல் ஆளு உண்டாக்குனது, ஒருத்தர பாத்து ஒருத்தர் செஞ்சு செஞ்சு பரவுற விஷயத்துக்கு அவர் வச்ச பேரு. அப்படிப் பாத்தா மார்கழில ஒரு வாசல்ல போட்ட கோலத்த அடுத்த தெரு அக்கா நோட்டுல புள்ளி வச்சு எடுத்துக்கிட்டு போயி, ரெண்டு இதழ் கூட சேத்து அவங்க வாசல்ல போடுவாங்களே, அதுவும் மீம் தான்னு நான் சொல்வேன். 2019 டிசம்பர் கடைசில சென்னை பெசன்ட் நகர்ல குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரா வாசல்ல கோலம் போட்டவங்கள போலீஸ் பிடிச்சிட்டுப் போனாங்க, அடுத்த நாளே அதே வாசகத்தோட பல வீட்டு வாசல்ல கோலம். கோலமாவுல நடந்ததும் இதே வேல தான்.

ஆணாதிக்கம்னு பெருசா பேசுற, இப்போ தான் பொண்ணுங்க எல்லாரும் படிக்கிறீங்களே, வேலைக்குப் போறீங்களே?

ஆமா படிக்கிறேன், எங்க அப்பா தான் படிக்க வைக்கிறாரு, பட்டறைல வெள்ளி உருக்கி சம்பாதிச்ச காசுல. அத நான் மறக்கல. ஆனா என் வீட்டுல டிவிஎஸ் வண்டி சாவி எங்க தொங்கும், அத கேக்காம யாரு எடுக்கலாம், கறிக்குழம்புல ஈரல் யாரு தட்டுக்குப் போகும், சாப்பிட்ட தட்ட யாரு எடுக்கணும், ஆறு மணிக்கு மேல பழைய பஸ் ஸ்டாண்டுல நான் நின்னா எத்தன பேருக்கு ஃபோன் போகும், இதுல ஒன்னு கூட எங்கயும் எழுதி வைக்கல. எழுதாமலே எல்லாருக்கும் மனப்பாடம். சட்டம்னா எழுதி இருக்கும், செக்ஷன் நம்பர் இருக்கும், எதிர்த்து கேஸ் போடலாம், திருத்தலாம். வீட்டு விதிய எதிர்த்து பேசப் போனா "அப்படி யாரு சொன்னா, நாங்க சொன்னோமா?"ன்னு கேப்பாங்க. உண்மை தான், யாரும் சொல்லல.

மீம் செய்யுற வேலன்னு நான் நம்புறது இது ஒன்னு தான், எழுதாத விதிய ரெண்டு வரில எழுதிக் காட்டிடுது. எழுதிட்டா அது எல்லார் கண்ணுக்கும் தெரியும், அப்புறம் யாரும் சொல்லலைன்னு சொல்ல முடியாது. அந்தக் காலத்துல இத பேர்லயே எழுதுனாங்க, அடுத்ததும் பொண்ணா பொறந்தா போதும்பொண்ணு, வேண்டாம்னு பேரு வச்சாங்க, சாகுற வரைக்கும் ரேஷன் கார்டுல அந்த வார்த்தைய சுமந்தாங்க. இப்போ பேர் எல்லாம் அழகா வைக்கிறாங்க, வார்த்தை மட்டும் உள்ள போயிடுச்சு, அத திரும்ப வெளிய எழுதணும்.

அந்த விடுதலைப் பத்திரம் மீம் உங்க வீட்டுக் கதையா?

ஆமா. இதுக்கு தான் நீளமா பதில் சொல்லணும்.

அப்பா கூட பொறந்தவங்க பெரியப்பாவும் அத்தையும். தாத்தா சொந்தமா சம்பாதிச்ச வீடு ஒன்னு, பின்னாடி பட்டறை. தாத்தா உயில் எழுதாம போயிட்டாரு, ஆயாவும் ரெண்டு வருஷம் முன்னாடி போயிட்டாங்க. அப்படின்னா 1956 இந்து வாரிசு உரிமைச் சட்டப்படியே அத்தைக்கு சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தா இருந்தா கூட தமிழ்நாட்டுல 1989ல இருந்து, அப்போ கல்யாணம் ஆகாம இருந்த பொண்ணுங்களுக்கு சம உரிமை வந்துச்சு, நாடு முழுக்க 2005ல வந்துச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட் அது பொறப்புலயே வர்ற உரிமைன்னு தெளிவா சொல்லிடுச்சு. 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பொண்ணுக்கு சொத்துல சம உரிமைன்னு தீர்மானம் போட்டாங்க, பூர்வீகச் சொத்து வரைக்கும் அது சட்டமா வர்றதுக்கு இந்த மாநிலத்துலயே 60 வருஷம் ஆயிருக்கு.

சட்டம் இருக்குன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சதால தான் அத்தை கையெழுத்து வேணும்னு கூப்பிட்டாங்க. ஒரு வியாழக்கிழமை காலைல கார் அனுப்பி பத்திர ஆபீஸுக்கு கூட்டிட்டு போனாங்க, மத்தியானம் வீட்டுக்கு வந்தப்போ வடை பாயாசத்தோட சாப்பாடு, தாம்பாளத்துல பழம், பூ, ஒரு பட்டுப்புடவை. அத்தை சிரிச்சிட்டே வாங்கிக்கிட்டாங்க, என்ன பாத்து "உங்கப்பாவும் பெரியப்பாவும் தானே சாமி எனக்கு பொறந்த வீடு, பங்கு கேட்டா அந்த வீட்டு வாசப்படி எனக்கு இருக்குமா?"ன்னு சொன்னாங்க. அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல.

அன்னைக்கு சாயங்காலம் டேபிள் மேல இருந்த நகல பாத்தேன். மேல கொட்ட எழுத்துல விடுதலைப் பத்திரம்னு இருக்கு. பங்க விட்டுக் குடுக்குறவங்க எழுதிக் குடுக்குற பத்திரத்துக்கு தமிழ்ல அது தான் பேரு, எல்லா பத்திரம் எழுதுறவங்களுக்கும் தெரிஞ்ச சாதாரண வார்த்தை. நான் அந்த வார்த்தைய ரொம்ப நேரம் பாத்துட்டு உக்காந்திருந்தேன். பொண்ணு தனக்கு இருந்த ஒரே உரிமைய எழுதிக் குடுக்குற தாளுக்கு விடுதலைன்னு பேரு.

ராத்திரியே லினோ எடுத்து வெட்டுனேன், என் 12 முகத்துல அது நாலாவது. மடில மடிச்ச புடவைய வச்சிக்கிட்டு தன் கட்டைவிரல தானே பாத்துட்டு இருக்கிற ஒரு அம்மா. மேல பத்திரத்தோட தலைப்ப மட்டும் வச்சேன், பேரு, சர்வே நம்பர் எதுவும் இல்லாம. கீழ ரெண்டு வரி:

நாட்டுக்கு 1947ல.
அத்தைக்கு போன வியாழக்கிழமை.

அத குடும்ப க்ரூப்ல போட்டது சரியா?

போட்டது சரி, போட்ட விதம் தப்பு. ரெண்டையும் சொல்லணும்.

க்ரூப்ல 47 பேரு. தினம் காலைல பூ படம், சாமி படம், நடுநடுவுல பொண்டாட்டி ஜோக். பொண்டாட்டி ஊருக்குப் போனா புருஷனுக்கு தீபாவளி, பொண்டாட்டி வாய் ஓயாது, மாமியார் வந்தா புயல், இதெல்லாம் மீம் தான், வருஷக்கணக்கா எங்க வீட்டு ஆம்பளைங்க ஃபார்வர்ட் பண்றது, அதுக்கு எங்க வீட்டு பொம்பளைங்களே சிரிச்ச பொம்மை போடுவாங்க. அதுல எழுதாத விதி ஒன்னு இருக்கு, இந்த வாசல்ல யார பாத்து சிரிக்கலாம், யார பாத்து சிரிக்கக் கூடாதுன்னு. நான் அதே வாசல் வழியா தான் உள்ள போனேன்.

யாரும் எதுவும் போடல. எல்லாரும் பாத்துட்டாங்கன்னு மட்டும் தெரியுது. ராத்திரி பத்து மணிக்கு பெரியப்பா அப்பாவுக்கு ஃபோன். பேசி முடிச்சு அப்பா என் பக்கத்துல வந்து நின்னாரு, திட்டவே இல்ல, "அழிச்சிரு சாமி"ன்னு மட்டும் சொன்னாரு. அழிச்சிட்டேன். அவர் குரல் அப்படி இருந்தப்போ என்னால வாதாட முடியல.

மறுநாள் அத்தை கூப்பிட்டாங்க. கோவமா இருப்பாங்கன்னு நெனச்சேன். "ஒரு வார்த்த கேட்டுட்டு போட்டிருக்கலாம்ல, நானே நல்ல போட்டோவா குடுத்திருப்பேன்"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உங்கப்பன தல குனிய வைக்காத, அவன் என்ன பண்ணுவான்"ன்னாங்க. எனக்கு அப்போ தான் உறைச்சுது, அவங்கள கேக்காம அவங்க கையெழுத்த வாங்கிட்டாங்கன்னு கோவப்பட்டு, அவங்கள கேக்காம அவங்க கதைய நானும் எடுத்துட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தர் கதைல இருந்து மீம் வந்தா முதல்ல அவங்களுக்கு காட்டாம நான் எங்கயும் போடுறதில்ல, மூணு மீம் அப்படி வேணாம்னு சொல்லி என் நோட்டுலயே இருக்கு.

மூணு வாரம் கழிச்சு அம்மா பக்கத்து சொந்தக்காரங்க க்ரூப்ல, ஆத்தூர்ல இருந்து ஒருத்தங்க அதே படத்த போட்டாங்க. நான் அழிக்கிறதுக்கு முன்னாடி யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்காங்க, அது எங்கெங்கயோ சுத்தி வந்திருக்கு. படம் என்னோடது, கீழ் வரி மாறி இருந்துச்சு. "எனக்கு 2011ல"ன்னு இருந்துச்சு. அந்த வரிய எழுதுனது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. என் ப்ராஜெக்ட்ல இருக்கிற எல்லாத்துலயும் அந்த நான் எழுதாத வரி தான் பெரிய வேலன்னு நெனைக்கிறேன்.

வடிவேலு, கவுண்டமணி டெம்ப்ளேட் ஒன்னு கூட இல்லையே, ஏன்?

வடிவேலு இல்லாம தமிழ் மீம் இல்ல, அது எனக்கும் தெரியும். 2019 மே கடைசில நேசமணி தலைல சுத்தியல் விழுந்ததுக்கு உலகமே பிரார்த்தனை பண்ணுச்சே, அந்த மாதிரி ஒரு முகம் எந்த மொழிக்காரங்களுக்கும் சுலபமா கிடைக்காது. தோத்துப் போனவன், அடி வாங்குனவன், மானம் போனவன், எல்லா உணர்ச்சிக்கும் அவர்கிட்ட ஒரு முகம் இருக்கு.

ஆனா என் ஃபோன்ல இருந்த டெம்ப்ளேட் எல்லாத்தயும் ஒரு நாள் எண்ணிப் பாத்தேன். முக்காவாசிக்கு மேல ஆம்பளை முகம். பொம்பளை முகம் வந்தா ஒன்னு அழகா இருக்கணும், இல்ல கத்தணும், இல்ல புருஷன அடிக்கணும். கோவை சரளா எவ்வளவு பெரிய நடிகை, அவங்க முகத்த நாம எதுக்கு வச்சிருக்கோம், அடங்காத பொண்டாட்டிக்கு. ஒரு பொண்ணுக்கு பஸ்ல கோவம் வந்தா, ஆபீஸ்ல அவமானம் ஆனா, அத சொல்றதுக்கு அவ ஒரு ஆம்பளை முகத்த தான் கடன் வாங்க வேண்டி இருக்கு. இது யாரோ திட்டம் போட்டு செஞ்சது இல்ல, நம்ம சினிமால பொம்பளைக்கு எழுதுன உணர்ச்சி அவ்வளவு தான்.

நியூயார்க்ல கெரில்லா கேர்ள்ஸ்னு ஒரு குழு, 1985ல ஆரம்பிச்சது, கொரில்லா முகமூடி போட்டுக்கிட்டு தான் வெளிய வருவாங்க, பேரு சொல்ல மாட்டாங்க. 1989ல அங்க இருக்கிற மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குள்ள போயி உக்காந்து எண்ணுனாங்க. மாடர்ன் ஆர்ட் பகுதில ஆர்ட்டிஸ்டுங்கள்ல பொம்பளைங்க 5 சதவீதத்துக்கும் கம்மி, ஆனா துணியில்லாம வரைஞ்ச உடம்புல 85 சதவீதம் பொம்பளை உடம்பு. அப்போ மியூசியத்துக்குள்ள போகணும்னா பொம்பளை அம்மணமா தான் போகணுமான்னு கேட்டு, ஒரு பழைய ஓவியத்துல படுத்திருக்கிற பொண்ணு தலைல கொரில்லா மூஞ்சிய வச்சு போஸ்டர் போட்டாங்க. விளம்பரப் பலகைக்கு கேட்டவங்களே வேணாம்னு சொல்லிட்டாங்க, அதனால காசு குடுத்து டவுன் பஸ்ல ஒட்டுனாங்க. திரும்ப 2012ல எண்ணுனாங்க, 4 சதவீதத்துக்கும் கம்மி, 76 சதவீதம். 23 வருஷம் கழிச்சு.

எண்ணுறதுங்கிற பழக்கத்த நான் அவங்ககிட்ட இருந்து தான் எடுத்துக்கிட்டேன். எண்ணி முடிச்சதும் முகம் இல்லைன்னு தெரிஞ்சுது, இல்லாதத வெட்டி உண்டாக்கலாம்னு ஆரம்பிச்சது தான் இந்த 12. முறத்துல பொடைச்சிட்டே ஓரக்கண்ணால டிவி பாக்குறவங்க, ஜன்னல் சீட்டு கிடைச்சு கண்ண மூடிக்கிட்டவங்க, பேச வாயத் திறந்து திரும்ப மூடிக்கிட்டவங்க, சிரிப்ப அடக்குறவங்க, சம்பளக் கவர எண்ணுறவங்க. எல்லாம் கறுப்பு வெள்ளை. அழகா இருக்கணும்னு ஒரு கோடு கூட போடல.

கொலுசு மீம ஏன் எடுத்துட்ட?

செவ்வாப்பேட்டை, சிவதாபுரம், எங்க குகை, இந்தப் பக்கம் எல்லாம் வெள்ளிக் கொலுசு தான் சோறு. நான் போட்ட முதல் மீம்ல ஒரு கால், கொலுசு, பக்கத்துல மேப்ல வர்ற சிவப்புக் குறி, "லொகேஷன் எப்பவும் ஆன்ல இருக்கு"ன்னு எழுத்து. பொண்ணு வீட்டுல எந்த மூலைல இருக்கான்னு தெரியத்தான் கொலுசுன்னு எங்க ஆயாவே சொல்லிக் கேட்டிருக்கேன். காலேஜ்ல எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு.

அம்மாகிட்ட காட்டுனேன். அம்மா வீட்டுலயே உக்காந்து கொலுசுக்கு சலங்கை கோத்து பத்த வைக்கிறவங்க, முப்பது வருஷமா, கண்ணு ரெண்டும் மங்கிப் போச்சு. "நான் செஞ்சத பூட்டுன்னு சொல்றியா?"ன்னு கேட்டாங்க. எடுத்துட்டேன். மீம் நல்லா இருந்தா மட்டும் பத்தாது, அது யாரு மேல போயி விழுதுன்னு பாக்கணும், அது எங்கம்மா கை மேல விழுந்துச்சு. அப்புறம் வேற ஒன்னு செஞ்சேன், ஊதுகுழாய் பிடிச்ச கை மட்டும், கீழ "ஊருக்கே கேக்குற சத்தம், பேரு மட்டும் பட்டறை ஓனரோடது"ன்னு. அத அம்மாவே பீரோ கதவுல ஒட்டி வச்சிருக்காங்க.

எத வச்சு மீம் போடவே மாட்ட?

தொட்டில்.

சேலம்னா மாம்பழம், இரும்பாலை, தட்டுவடை செட்டுன்னு சொல்லுவாங்க. பொண்ணா பொறந்த குழந்தைய கொல்றத தடுக்க 1992ல தமிழ்நாடு அரசு கொண்டு வந்த தொட்டில் குழந்தை திட்டம் முதல்ல ஆரம்பிச்ச இடமும் சேலம் தான். கொல்லாதீங்க, வேணாம்னா இங்க தொட்டில்ல விட்டுட்டுப் போங்கன்னு ஒரு அரசாங்கம் சொல்ல வேண்டி வந்த மாவட்டம் இது. எங்க ஸ்கூல்ல ஒரு தடவ கூட யாரும் இத சொல்லிக் குடுக்கல, நான் காலேஜ் போயி தான் படிச்சேன், படிச்சிட்டு அம்மாகிட்ட கேட்டா அம்மாவுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கு.

ஒரு மீம் முயற்சி பண்ணேன். நாலு தடவ எழுத்த மாத்துனேன். எத எழுதினாலும் அசிங்கமா இருந்துச்சு. மீமுக்கு ஒரு சின்ன சிரிப்பாவது வேணும், கசந்த சிரிப்பா இருந்தாலும் சரி, அந்தச் சிரிப்புல பாதிக்கப்பட்டவங்களும் கூட சேர முடியணும். அந்தக் குழந்தைங்க சேர முடியாது. அதனால அத மீமா செய்யாம, ஒரு சேலைத் தொட்டில், உள்ள யாரும் இல்ல, எழுத்தே இல்லாம ஒரே ஒரு பிரிண்ட் போட்டேன். ஏற்காட்டுல அத மாட்டி இருந்தப்போ பக்கத்து லைன் வீட்டுல இருந்து வந்த ஒரு பாட்டி ரொம்ப நேரம் நின்னாங்க, கைய நீட்டி, தொட்டில ஆட்டுற மாதிரி காத்துல ரெண்டு தடவ ஆட்டிட்டு போயிட்டாங்க. நான் எதுவும் கேக்கல.

ஃபோன்ல டேட்டா இல்லாதவங்களுக்கு உன் ஆர்ட் எதுக்கு?

இதையும் ஏற்காட்டுல தான் கேட்டாங்க, காப்பி எஸ்டேட்ல பழம் பறிக்கிற ஒரு அக்கா. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் பறிப்பு, அப்போ கைல ஃபோன் எடுக்க நேரம் ஏது, மலைல பாதி இடத்துல சிக்னலும் கிடையாது. ஃபோன் வீட்டுல ஒன்னு தான் இருக்கும், அது புருஷன்கிட்டயோ பையன்கிட்டயோ இருக்கும். மீம் எல்லாருக்குமான கலைன்னு நான் பெருமையா சொல்லிட்டு இருந்தேன், ஃபோன் யாரு கைல இருக்குங்கிறதே ஒரு எழுதாத விதின்னு அந்த அக்கா சொல்லித் தான் புரிஞ்சுது.

அதனால ஜெராக்ஸ். ஒரு தாளுக்கு ரெண்டு ரூபா. ஆளு கூலி, பொம்பளை ஆளு கூலின்னு ரெண்டு கூலி பேசுறாங்கல்ல, ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு 1976லயே சட்டம் வந்தும், அத வச்சு ஒரு படம் போட்டோம். வரிய சொன்னது அந்த அக்கா தான், நான் எழுதிக் குடுத்தேன், அவ்வளவு தான் என் வேல. "பழத்துக்குத் தெரியுமா பறிச்ச கை யாருதுன்னு". டீக்கடைக்கார அண்ணன் ஒட்ட விட்டாரு, நாலு நாள் இருந்துச்சு, மழைல போயிடுச்சு.

எங்க ஊரு ஆடித் திருவிழால குகைல வண்டி வேடிக்கை நடக்கும், முன்னாடி மாட்டு வண்டில, இப்போ லாரில, சாமி வேஷம் கட்டிக்கிட்டு ஒவ்வொரு வண்டியா வரும், ஊரே ரோட்டுல நிக்கும். சின்ன வயசுல இருந்து பாக்குறேன். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு உருவத்த எடுத்து, கட்டி, வெளிச்சம் போட்டு, தெருவுல ஓட்டிக் காட்டுறது. டெம்ப்ளேட்டுன்னா என்னன்னு நான் படிச்சது அங்க தான். என்னைக்காவது ஒரு வருஷம் ஒரு வண்டி முழுக்க பொம்பளைங்களே வேஷம் கட்டி நிக்கணும்னு எனக்கு ஆச, கேட்டுப் பாத்தேன், இன்னும் ஒத்துக்கல, அடுத்த ஆடிக்கும் கேப்பேன்.

மீமால என்ன மாறிடும்?

அத்தைக்கு பங்கு திரும்ப வரல. அத மொதல்ல சொல்லிடுறேன்.

வேற ஊருல நடந்தத சொல்றேன். 2018ல சீனால, பாலியல் தொல்லைய வெளிய சொல்ற மீ டூங்கிற வார்த்தைய போட்டா அழிச்சிடுறாங்கன்னு, சோத்துக் கிண்ணம் ஒன்னு, முயல் ஒன்னுன்னு ரெண்டு பொம்மைய போட்டாங்க, அவங்க மொழில சோறுக்கு மி, முயலுக்கு டூ. ரெண்டு பொம்மைக்குள்ள அவ்வளவு பெரிய விஷயம் ஒளிஞ்சு போச்சு. 2019 நவம்பர்ல சிலி நாட்டுல லாஸ் தெசிஸ்னு ஒரு பொண்ணுங்க குழு, கண்ண கட்டிக்கிட்டு தெருவுல நின்னு, தப்பு என் மேல இல்ல, நான் நின்ன இடத்து மேல இல்ல, நான் போட்ட துணி மேல இல்லைன்னு பாடி ஆடுனாங்க, சில வாரத்துல எத்தனையோ நாட்டுல, டில்லில கூட, பொண்ணுங்க அவங்கவங்க மொழில அதையே செஞ்சாங்க. வரிய மாத்திக்கலாம், அடிய மாத்திக்கலாம், யாரும் அனுமதி கேக்க வேண்டியதில்ல. அது தான் பலம்.

எங்க வீட்டுல மாறுனது சின்னது. பெரியப்பா பொண்ணு, எனக்கு அக்கா, அடுத்த மாசம் அவங்க கொழுந்தனார் கொண்டு வந்த பத்திரத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி வீட்டுக்கு எடுத்துட்டு வந்து முழுசா படிச்சாங்க. படிச்சிட்டு போடல. பெரியப்பாவுக்கு அது பிடிச்சிருந்துச்சு, அவர் பொண்ணாச்சே. தங்கச்சின்னா ஒரு கணக்கு, பொண்ணுன்னா ஒரு கணக்கு. இதுக்கும் ஒரு படம் வெட்டணும்.

ஆம்பளைங்கன்னாலே பிடிக்காதா?

எங்கப்பா "அழிச்சிரு"ன்னு சொன்னப்போ அவர் குரல் நடுங்குச்சு. அவரும் ஒரு விதிய மனப்பாடமா படிச்சவரு தான், அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசக் கூடாதுன்னு. அவர எதிர்த்து நான் படம் போடல, அவர் வாய அடைச்சத எதிர்த்து தான் போடுறேன்.

உன் பேரு எதுலயும் இல்லையே, பயமா?

பயமும் தான். ஒரு கார்ட்டூன ஃபார்வர்ட் பண்ணதுக்கு 2012ல கொல்கத்தால ஒரு பேராசிரியர கைது பண்ணாங்க. அந்த மாதிரி கேஸுக்கெல்லாம் எடுத்து வச்ச தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 66ஏ பிரிவ 2015 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, ஆனா வீட்டுக்குள்ள ரத்து பண்ண யாரு இருக்கா. இன்னொரு காரணமும் இருக்கு, பேரு போட்டா அது என் கதை ஆயிடும், முகம் தெரியாத யாரோ அத எடுத்து "எனக்கு"ன்னு எழுதி இருக்க மாட்டாங்க.

மீம் போட்டதுக்கு அசிங்கமா கமெண்ட் பண்ணா, போட்டோவ மார்ஃப் பண்ணி மிரட்டுனா என்ன பண்றது?

எனக்கே நடந்துச்சு, அதனால செஞ்சத மட்டும் சொல்றேன். அழிக்காதீங்க, பதில் போடாதீங்க. முதல்ல ஸ்கிரீன்ஷாட், அவங்க ஐடி, லிங்க், தேதி நேரம் எல்லாம் தெரியுற மாதிரி. அப்புறம் தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார், பொம்பளைங்க குழந்தைங்களுக்குன்னு அதுல தனிப் பிரிவு இருக்கு. 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் எடுப்பாங்க. வீட்டுல யாராவது ஒருத்தருக்காவது அன்னைக்கே சொல்லிடுங்க, நான் ஒரு வாரம் சொல்லாம சாப்பிடாம இருந்தேன், சொன்னதும் அம்மா தான் என்கூட ஸ்டேஷனுக்கு வந்தாங்க, சலங்கை வேலைய பாதில வச்சிட்டு.

இந்த 12 முகத்த நாங்க எடுத்துக்கலாமா?

எடுத்துக்கோங்க, கேக்க வேண்டியதில்ல. விளம்பரத்துக்கு மட்டும் வேணாம், பொண்டாட்டி ஜோக்குக்கு வேணாம். எழுத்த மாத்திக்கோங்க, உங்க ஊரு பேச்சுல எழுதுங்க, கோலமா போட்டா எனக்கு ரொம்ப சந்தோஷம். கோடு எல்லாம் தடிமனா தான் வெட்டி இருக்கேன், மை கம்மியா இருக்கிற ஜெராக்ஸ் மிஷின்ல கூட தெளிவா வரும். நாலாவது முகம் வேணும்னா மட்டும் கீழ் வரி எழுதுற இடத்த காலியா விட்டு ஒரு பிரிண்ட் வச்சிருக்கேன், அத எடுங்க. இப்போ அத தான் நெறைய பேரு கேக்குறாங்க. அத்தைக்கும் ஒன்னு குடுத்திருக்கேன், அந்தப் பட்டுப்புடவை இருக்கிற பீரோலயே வச்சிருக்காங்களாம், புடவைல இன்னும் விலைச் சீட்டு கூட பிரிக்கல, படத்துல கீழ இன்னும் எதுவும் எழுதல.